மழைக்கு ஒரு பாத்தி, கச்சானுக்கு ஒரு பாத்தி

எங்கள் காணியில் காய்கறிப் பாத்திகள் வருடத்துக்கு இரண்டு தடவை உருவம் மாறும். மாரி காலத்தில் அவை நிலத்துக்கு மேலே ஒரு அடி உயர்ந்து, வரிசையாகக் கட்டிய திண்ணைகளைப் போலிருக்கும். கோடையில் அதே இடம் அரை அடி தாழ்ந்து, நாலு பக்கமும் வரம்பு கட்டிய தொட்டி போலாகிவிடும். இரண்டாவது முறையாக வீட்டுக்கு வந்த வகுப்புத் தோழி ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, "என்னடி இது, போன தரம் மேடாக் கிடந்திச்சு, இப்ப குழியாக் கிடக்கு. யாரு தோண்டின?" என்று கேட்டாள். அன்று அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிச் சமாளித்தேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

காணி நிந்தவூரில், பிரதான வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிறது. நாற்பது பேர்ச், அதாவது கால் ஏக்கர். உம்மாவுக்குச் சீதனமாக வந்தது. வாப்பா கடைவேலைக்குப் போகிறார். தோட்டம் முழுக்க உம்மாவின் பொறுப்பு. கத்தரி, கொச்சிக்காய், வெண்டி, பயிற்றங்காய், பாகல், கங்குங் என்று மாறி மாறி வரும். எனக்கும் தங்கைக்கும் டியூசன் காசு பெரும்பாலும் இந்தப் பாத்திகளிலிருந்துதான் வருகிறது.

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை, வீதிக்குக் கிழக்கே கிடக்கும் வளவுகளில் ஏறத்தாழ எல்லாமே கடல் கொண்டுவந்து போட்ட மணல். மண் ஆராய்பவர்கள் இதை மணற் ரெகோசோல் என்பார்கள். வீதியைக் கடந்து மேற்கே போனால் களிமண் வட்டைகள். அங்கே சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்து நெல் விளைகிறது. கிழக்குப் பக்கத்துக்கு வாய்க்கால் கிடையாது. எங்களுக்குக் கிணறும் மழையும்தான்.

களித் துணிக்கை ஒன்று 0.002 மில்லிமீற்றரிலும் சிறியது. மணல் துணிக்கை அதைவிட இருபத்தைந்து மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை பெரியது. துணிக்கை பெரிதானால் இடைவெளியும் பெரிதாகும். தண்ணீர் நிற்காது, அதோடு கரைந்த பசளையும் நிற்காது. மணல் என்பது ஒரு தேயிலை வடி. மேலே என்ன ஊற்றினாலும் கீழே போய்விடும். ஆகவே எங்கள் ஊர்த் தோட்டக்காரரின் முதல் வேலை வடியை அடைப்பது. மாட்டெரு, நெல் ஆலையில் கிடைக்கும் உமி, வட்டையிலிருந்து வைக்கோல், கரைவலைப் பக்கமிருந்து மீன் கழிவு, தேங்காய்ப் பொச்சு. யோசித்துப் பார்த்தால், மேற்கே வயலும் கிழக்கே கடலும் சேர்ந்துதான் நடுவில் இருக்கும் இந்த மணலுக்குச் சோறு போடுகின்றன. அதையும் ஒரு தடவை போட்டால் போதாது. சூட்டில் சேதனப் பொருள் சீக்கிரம் உக்கிக் கரைந்துவிடும். ஒவ்வொரு போகத்துக்கும் திரும்பப் போட வேண்டும்.

மணல் வடி என்றால் மாரியில் மேட்டுப்பாத்தி எதற்கு, தண்ணீர்தான் தானாக வடிந்துவிடுமே என்று நானும் ஒருகாலம் நினைத்திருந்தேன். வடி நன்றாகத்தான் வடிக்கும். ஆனால் கீழே இருக்கும் பாத்திரம் நிரம்பிவிட்டால்? மட்டக்களப்பு, கல்முனைக் கரையில் வருடத்துக்குப் பெய்யும் 1,600 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையில் பாதிக்குக் கூடுதலானது நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. அப்போது எங்கள் கொட்டுக்கிணற்றில் கயிறு தேவைப்படாது. குனிந்து வாளியால் அள்ளலாம். நிலத்தடி நீர் அவ்வளவு மேலே வந்துவிட்டால் மணலுக்குள் வடிய இடம் இல்லை. வேர் தண்ணீருக்குள் நிற்கும். வேரும் சுவாசிக்கிறது, அதற்கு ஒட்சிசன் வேண்டும். அந்த ஒரு அடி மேடு, வேருக்கு மூச்சு விடக் கொடுக்கும் இடம்.

கோடையில் கதை தலைகீழ். மே மாதம் தொடங்கினால் கச்சான் அடிக்கும். (கச்சான் என்றதும் நிலக்கடலையை நினைக்கும் தோழிகளுக்கு: நான் சொல்வது காற்று. இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று தமிழ் டீச்சரிடம் கேட்க வேண்டும்.) தென்மேல் பருவக்காற்று இரத்தினபுரி, நுவரெலியாப் பக்கம் மலையில் ஏறும்போது தன் ஈரத்தையெல்லாம் அங்கேயே மழையாகப் போட்டுவிடுகிறது. மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது அமுக்கப்பட்டுச் சூடாகி, எங்களிடம் காய்ந்த காற்றாக வந்து சேர்கிறது. தென்னிலங்கையில் வெள்ளம் என்று செய்தி வாசிக்கும் அதே நாளில் எங்கள் வெண்டி இலை பகல் பதினொரு மணிக்கே தொங்கிவிடும். அப்போது மேட்டுப்பாத்தி இருந்தால் நாலு பக்கத்தாலும் காய்ந்துபோகும். ஆகவே மேட்டை இடித்துத் தாழ்த்துகிறோம். அடியில் பொச்சுகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி, அதற்கு மேல் எரு கலந்த மண். பொச்சு தண்ணீரைப் பஞ்சு மாதிரிப் பிடித்து வைத்திருக்கும். அதே பொச்சைத்தான் மாரியில் மேட்டுப்பாத்தியின் ஓரத்தில் செங்குத்தாக நட்டு, மண் சரியாமல் சுவராக்குகிறோம். மேற்கு எல்லையில் கிளிசரியா வேலி காற்றை முறிக்கிறது, இலை பசளையாகிறது. தண்ணீர் சுபஹுக்குப் பிறகு ஒரு தரம், அஸருக்குப் பிறகு ஒரு தரம். ஒரேயடியாக நிறைய ஊற்றிப் பயனில்லை, வடியாச்சே.

இவ்வளவும் மூத்தம்மா காலத்திலிருந்து நடப்பதுதான். இப்போது சிக்கல் வேறு. மேட்டை எப்போது கட்டுவது, எப்போது இடிப்பது?

கால் ஏக்கர் பாத்தியை மாற்ற உம்மாவும் நாங்களும் ஒரு கூலியாளும் சேர்ந்து பத்து நாள் பாடுபட வேண்டும். முன்பு ஒக்டோபர் இடியோடு மேடு, பெப்ரவரி கடந்ததும் பள்ளம் என்று ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு அடிக்கடி பிசகுகிறது. 2011இல் மழை ஓய வேண்டிய ஜனவரியிலும் பெப்ரவரியிலும் இரண்டு பெரிய வெள்ளங்கள் கிழக்கை மூடின. வட்டைகளில் அறுவடைக்கு நின்ற நெல்லும் போனது. சில வருடங்களில் ஒக்டோபர் முழுக்கக் காய்ந்து கிடக்கும், பிறகு ஒரு மாத மழை மூன்று நாளில் கொட்டும். பாடத்தில் படித்த ஒரு விடயம் இதற்குப் பொருந்துகிறது: வளி ஒரு பாகை செல்சியஸ் சூடாகும்போது அது ஏந்தக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. சூடான வளி நிலத்திலிருந்து கூடுதலாக உறிஞ்சும், பெய்யும்போது கூடுதலாகக் கொட்டும். காய்ச்சலும் வெள்ளமும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல, ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். 2024 ஒக்டோபர். உம்மாவின் வழக்கம், கொச்சிக்காய் நாற்றை மூன்று பங்காக, இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு நடுவது. மூன்று தடவை நாற்றுமேடை, மூன்று தடவை நடுகை, மூன்று தடவை நிழல் கட்டுவது. எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது. ஒரே நாளில் நட்டுவிட்டால் ஒரே நேரத்தில் காய்க்கும், விலை நல்லதாக இருக்கும்போது மொத்தமாக விற்கலாம், எனக்கும் படிக்க நேரம் கிடைக்கும் என்று வாதாடினேன். கைபேசியில் பத்து நாள் வானிலையைக் காட்டினேன். வெயில் படம்தான் இருந்தது. உம்மா சிரித்துவிட்டு, "மழை நம்மட கலண்டரப் பாத்தா வருது புள்ள?" என்றார். ஆனாலும் சம்மதித்தார். அறுநூறு நாற்று, ஒரே கிழமையில் நட்டு முடித்தோம். பாத்தி உயரத்திலும் சோம்பல்பட்டேன். ஒரு அடி இருக்க வேண்டியது அரை அடிதான் இருந்தது.

நவம்பர் 25ஆம் திகதி உயர்தரப் பரீட்சை ஆரம்பித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். வெள்ளத்தால் அது இடைநிறுத்தப்பட்டு டிசம்பரில்தான் தொடர்ந்தது. பின்னர் பெங்கல் என்று பெயர் பெற்ற அந்தத் தாழமுக்கம் எங்கள் கரையை உரசிக்கொண்டு வடக்கே போய், 30ஆம் திகதி புதுச்சேரிக்கு அருகில் கரையேறியது. 26ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தோடு மதரஸா மாணவர்களை இழுத்துக்கொண்டு போனது. நிந்தவூர் மதரஸாவிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள். அந்தக் கிழமை எங்கள் ஊரில் யாரும் கொச்சிக்காயைப் பற்றிப் பேசவில்லை. அல்லாஹ் அவர்களுக்கு உயர்ந்த சுவனத்தைக் கொடுப்பானாக.

வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விட்டிருந்தது உண்மைதான். ஆனால் ஐந்து கிழமை வளர்ந்த செடியை எச்சரிக்கை வந்ததும் பிடுங்கி மடியில் வைத்துக்கொள்ள முடியாது. பத்து நாளுக்கு அப்பால் காட்டும் கைபேசிப் படத்தை நம்பி எடுத்த முடிவுதான் தவறு. வானிலை முன்னறிவித்தல் இரண்டு மூன்று நாளுக்குக் கைகொடுக்கும்: அறுவடையை முந்திச் செய்யலாம், வடிகானைத் திறக்கலாம், பசளை போடுவதைத் தள்ளி வைக்கலாம். மூன்று மாதப் பயிரை எப்போது நடுவது என்று அது சொல்லாது.

தண்ணீர் இரண்டு நாள் நின்று இறங்கியது. செடிகள் பச்சையாகத்தான் நின்றன. நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டேன். மூன்றாம் நாள் வெயில் எறித்ததும் வரிசை வரிசையாகத் துவண்டன. வேர் மூச்சுத் திணறிச் செத்திருந்ததால், சுற்றிலும் ஈரம் இருந்தும் செடியால் குடிக்க முடியவில்லை. தப்பிப் பிழைத்தவற்றிலும் சில, ஒரு கிழமை கழித்து இலை பழுக்காமலே பச்சையாக வாடின. விவசாயப் போதனாசிரியர் ஒருவர் உம்மாவுக்கு முன்பு காட்டிக் கொடுத்த சோதனையைச் செய்து பார்த்தோம். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் கோப்பையில் வெட்டுமுகம் அமிழும்படி பிடிக்க வேண்டும். சில நிமிடத்தில் பால்போன்ற வெள்ளை நூல் தண்ணீருக்குள் இறங்கினால் அது பற்றீரியா வாடல். இறங்கியது. மண்ணில் இருக்கும் இந்தப் பற்றீரியா வெள்ளத்தோடு பாத்திக்குப் பாத்தி போகும். மருந்து அடித்துக் குணமாக்க முடியாது. செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு, அந்த இடத்தில் கொச்சிக்காய், கத்தரி, தக்காளி மூன்றையும் தவிர்க்க வேண்டும், மூன்றும் ஒரே குடும்பம் என்பதால். அந்தப் பாத்திகளில் பிறகு பயிற்றங்காயும் சோளமும் போட்டோம். அறுநூறில் மிஞ்சியது எழுபதுக்குக் கிட்ட. ஜனவரியில் கொச்சிக்காய் விலை ஏறியபோது விற்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அந்தத் தவணை டியூசனில் ஒரு பாடத்தை நிறுத்தினேன். உம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் மூன்று பங்கு முறையை ஒழுங்காகக் கேட்டுப் படித்தேன். முதல் பங்கு விதை செப்டெம்பர் தொடக்கத்தில், நடுகை ஒக்டோபரில். மழை பிந்தினாலும் அளவாக வந்தாலும் இது முந்திக் காய்க்கும். இரண்டாம் பங்கு மூன்று கிழமை பிந்தி. மூன்றாம் பங்கு விதையை நவம்பர் கடைசியில் போட்டு, பெருமழை தணிந்த பின் ஜனவரியில் நடுவது. எந்த ஒரு வெள்ளமும் மூன்றையும் ஒரே வயதில் பிடிக்காது. நாற்றுகள் நிலத்தில் இல்லை, மீன்பெட்டியில். கல்முனைச் சந்தையில் ஓரம் உடைந்த ரெஜிபோம் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். அடியில் துளை போட்டு, மணலும் எருவும் கருக்கிய உமியும் கலந்து நிரப்பி, மதிலுக்கு மேலே வைப்பார். மழை கடுமையானால் தூக்கி விறாந்தைக்குள் கொண்டுபோகலாம். வெள்ளம் வந்தால் குசினிக் கட்டின் மேல். நாற்றழுகலும் குறைவு, ஏனென்றால் புது மண், நல்ல வடிகால். நாற்று ஐந்து கிழமை தாண்டி முற்றினால் நட்ட பிறகு தேறாது. ஆகவே பழைய நாற்றைப் பதுக்குவது அல்ல, புதிதாக விதைத்துக்கொண்டே போவதுதான் முறை.

இதில் நட்டமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. மழை நல்லபடியாக வரும் வருடத்தில், எல்லாவற்றையும் ஒரே நாளில் நட்ட பக்கத்துக் காணிக்காரர் எங்களைவிடக் கூடுதலாக உழைப்பார். உம்மா ஒருபோதும் உச்ச விலையில் முழு அறுவடையை விற்றதில்லை. வெறுங்கையோடு இருந்ததும் இல்லை, நான் தலையிட்ட அந்த வருடத்தைத் தவிர. யூசுப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள் எகிப்தில் தானியம் சேமித்த சம்பவத்தை நாங்கள் எல்லோரும் மதரஸாவில் படித்திருக்கிறோம். அங்கே செழிப்பு முதலில், பஞ்சம் பிறகு என்ற வரிசை அறிவிக்கப்பட்டிருந்தது. நமக்கு வரிசை தெரியாது. தெரியாதவர்கள் செய்யக்கூடியது பங்கு பிரிப்பதுதான் என்பது உம்மாவின் கணக்கு.

கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரையோர மணலுக்கடியில் மழைநீர், உப்புநீருக்கு மேலே மிதக்கிறது, நன்னீர் எடை குறைந்தது என்பதால். கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவரின் பெயரால் அறியப்படும் விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே கணக்கில், கோடையில் மோட்டர் போட்டு இறைத்து நீர்மட்டத்தை ஒரு அடி நிரந்தரமாகக் குறைத்தால், உப்பு நாற்பது அடி மேலே ஏறி வரும். இதனால்தான் உம்மா மோட்டரைப் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட விடமாட்டார். கொஞ்சம் எடுத்து, ஊற விட்டு, மறுபடி எடுப்பார். 2004 சுனாமியில் நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அப்போது கரையோரக் கிணறுகளுக்குள் கடல் நேரடியாக இறங்கியது. பலர் கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கிழக்குக் கரைக் கிணறுகளைத் தொடர்ந்து அளந்து பார்த்தபோது, அளவுக்கு மீறி இறைப்பதால் உப்பு குறையவில்லை, சில வேளை கூடவும் கூடும் என்று கண்டார்கள். கழுவியது மழைதான். நாங்கள் சபிக்கும் அந்த மாரி மழை இல்லாவிட்டால் கோடையில் குடிக்கக்கூட முடியாது.

யூரியாவும் அப்படித்தான். மணலில் ஒரு பிடி கூடப் போட்டால் அடுத்த மழையில் கிணற்றுக்குள் போய் நைத்திரேற்றாக நிற்கும். அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். எனவே சிறிது சிறிதாக, நாலைந்து தவணையாக.

இனி வரும் வருடங்களில் எங்கள் ஊர்த் தோட்டங்களுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. அதை யாரும் பேசிக் கேட்கவில்லை. வெள்ளரி, வத்தகப்பழம், கீரை என்று நோன்பு மாதத்தில்தான் எங்களுக்கு நல்ல விற்பனை. சந்திர வருடம் ஏறத்தாழ 11 நாள் குறுகியது. ஆகவே ரமழான் வருடாவருடம் முன்னுக்கு வருகிறது. 2026இல் பெப்ரவரியின் பிற்பகுதி. 2030இல் ஜனவரியில் ஒரு ரமழான், டிசம்பரில் இன்னொன்று என இரண்டு ஆரம்பமாகும். அதாவது, கேள்வி கூடுதலாக உள்ள மாதம் மழை கூடுதலாக உள்ள மாதத்துக்குள் போகிறது. வெள்ளரியும் வத்தகையும் மணலில் கோடைப் பயிர்கள். அந்த வருடங்களில் கங்குங்கையும் வல்லாரையையும் நம்புவதா, கொஞ்ச இடத்துக்குப் பொலித்தீன் கூரை போடுவதா என்று உம்மாவோடு இப்போதே பேசிக்கொண்டிருக்கிறேன். கூரை போட்டால் காற்றுக்குத் தாங்குமா என்பது அவருடைய கேள்வி.

ஆனால் 2030இல் பாத்தி இருக்குமா என்பதே இன்னும் தீரவில்லை. எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மூத்தம்மாவின் காலத்தில் முக்கால் ஏக்கராக இருந்த காணி மூன்று பெண்மக்களுக்குப் பிரிந்துதான் இந்தக் கால் ஏக்கர். ராத்தாவுக்கு இப்போது பேச்சு வந்திருக்கிறது. வீதிப் பக்கம் பன்னிரண்டு பேர்ச்சில் அத்திவாரம் வெட்ட வாப்பா அளந்து குச்சி நட்டிருக்கிறார். மேட்டுநிலம் அந்தப் பக்கம்தான். வெள்ளம் கடைசியாக ஏறுகிற பாத்திகளும் அவைதான். பிறகு என் பங்கு, பிறகு தங்கை பங்கு. இது வாப்பாவின் குற்றமோ ராத்தாவின் குற்றமோ அல்ல. வழக்கம். எனக்கு வரும் பங்கு கிணற்றோடு சேர்ந்த பின்பக்கமாக இருக்கட்டும், அதில் இப்போதைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று வாப்பாவிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. "படிப்ப முடி, பாப்பம்" என்றார். மறுநாள் குச்சி ஒன்று நாலு அடி தள்ளி நின்றது. யார் நகர்த்தியது என்று நான் கேட்கவில்லை.

இதை எழுதும்போது ஒக்டோபர் நடுப்பகுதி. மழை இன்னும் சரியாக இறங்கவில்லை. முதல் பங்கு கொச்சிக்காய் நட்டாயிற்று, இந்த முறை பாத்தி முழுதாக ஒரு அடி. இரண்டாம் பங்கு மதிலுக்கு மேலே மீன்பெட்டியில் நாலு இலையோடு நிற்கிறது. மூன்றாம் பங்குக்கான விதை குசினியில் பழைய தேயிலை ரின்னுக்குள் இருக்கிறது, ஈரம் படாமல் கொஞ்சம் சாம்பலோடு.